கோழிக்கு வானிலை அறிக்கை வாசிக்கிற ஊர்

நாமக்கல் பக்கம் நாளிதழின் உள்ளூர்ச் செய்திகளைப் புரட்டுகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட செய்தி. அடுத்த சில நாட்களுக்கு வானம் எப்படி இருக்கும், வெயில் எவ்வளவு ஏறும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று தொடங்கும். அதுவரை எல்லா ஊர் வானிலை அறிக்கையையும் போலத்தான். அப்புறம் பேச்சு கோழிக்கு வந்துவிடும். போன வாரம் ஆய்வகத்துக்கு வந்த இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை வெப்ப அயற்சியால் இறந்திருக்கின்றன, ஆகவே தீவனத்தில் இன்னது சேர்க்கவும், இன்ன நேரத்தில் கொடுக்கவும் என்று முடியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் பண்ணையாளர்களுக்காக வெளியிடுகிற அறிக்கை இது.

வெளியூர் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "கோழிக்கெல்லாமா வானிலை அறிக்கை?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு ரத்தத்தில் சரக்கு குறைந்தால் ஓடு மெலிசாகிவிடும். லாரியில் ஏற்றும்போது உடைகிற முட்டையில் முந்தைய நாட்களின் மத்தியான வெயில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டுதான் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறார்கள். வெயில் பக்கவாட்டில் உள்ளே இறங்காது. பக்கச் சுவர் எழுப்பாமல் கம்பிவலை போட்டுக் காற்றை விடுகிறார்கள். கூரை மேல் தண்ணீர் தெளிக்கக் குழாய் ஓடுகிறது. தீவனம் செரிக்கிறபோதும் உடம்பில் சூடு பிறக்கும் என்பதால் உச்சி வெயிலுக்கு முன்பே தொட்டியைக் காலியாக்கிவிட்டு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் போடுகிறார்கள். முட்டைக் கோழியின் உயர்ரகங்கள் குளிர்நாட்டில் உருவானவை. அவற்றை நாற்பது டிகிரி வெயிலில் திறந்த கொட்டகைக்குள் சாகாமல் வைத்து, தினமும் கோடிக்கணக்கில் முட்டை எடுக்கிற வித்தை இங்கே கற்றது.

கொங்கு நாடு எப்படி முன்னுக்கு வந்தது என்று கேட்டால் உழைப்பு, சிக்கனம், சொந்தபந்தத்துக்குள் பணம் புரட்டுகிற பழக்கம் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் தயாராக இருக்கும். பொய்யில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. உழைக்காத ஊர் எது? இங்கே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிற இன்னொரு சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூடும் வறட்சியும் கல்லும் நிறைந்த பூமியில் ஒரு பயிரை, ஓர் உயிரை, ஓர் இயந்திரத்தை ஓட வைப்பது எப்படி என்கிற அறிவு அது. அதை நாம் விற்காமல் இல்லை. முட்டைக்குள் வைத்து விற்கிறோம், பம்புக்குள் வைத்து விற்கிறோம், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். அறிவுக்கென்று தனியாக பில் போட்டதில்லை. போடலாம், போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். கேரளத்தைக் கொட்டி நனைக்கிற தென்மேற்குப் பருவமழை நம்மிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் காற்றாகத்தான் வருகிறது. கோயம்புத்தூரில் வருஷத்துக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருஷம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசுகிற காற்று பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. மண்ணுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே பாறை. தஞ்சாவூர்க்காரர் காவிரியைப் பார்த்துக்கொண்டு விவசாயம் செய்தார். நம்மாட்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு செய்தார்கள்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவு எவ்வளவு பழசு என்று புரியும். கீழே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை வேலி. புல் மாட்டுக்கு, மரத்தின் நெற்று கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும், வேலி காவலுக்கு. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். இதை எந்த விஞ்ஞானியும் வரைந்து கொடுக்கவில்லை.

விஞ்ஞானிகள் வந்தது அப்புறம். வெப்பமண்டலத்தைப் படிக்கிற கல்விக்கூடங்கள் முதலில் எங்கே வந்தன என்று பாருங்கள். லிவர்பூலில் 1898இல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. மறுவருஷம் லண்டனில் ஒன்று. கொசு இருந்தது இங்கே, கொசுவைப் படித்த கட்டடம் பனி பெய்கிற ஊரில். இதை மாற்றிக் காட்டியவர்களில் ஆஸ்திரேலியாவின் வடகோடிக்காரர்கள் முக்கியமானவர்கள். குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில் 1970இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் வந்தது. கரும்பும் சுரங்கமும் மாடும் இருந்த பிரதேசம். வெப்பமண்டல நோய், பவளப்பாறை, வெப்பமண்டல வேளாண்மை என்று தங்கள் இருப்பிடத்தையே பாடமாக்கி, அதையே தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் முன்னின்று 2014இல் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் சுமார் 40 சதவீதம் பேர் வெப்பமண்டலத்தில் வாழ்கிறார்கள், 2050 வாக்கில் அது பாதியாகிவிடும் என்றது. அதாவது பாதி உலகம் நம்மைப் போன்ற வெயிலில் இருக்கப் போகிறது. டவுன்ஸ்வில்காரர்கள் இதைச் சந்தை என்று பார்க்கிறார்கள். நமக்கு அந்தப் பார்வை வருவதற்கு எல்லா நியாயமும் அவர்களைவிட அதிகம். ஏனென்றால் நம்மிடம் 1912இலேயே ஒரு கடை திறந்தாகிவிட்டது.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பித்த வருஷம் அது. இன்றைக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) நிறுவனமாக இருக்கிறது. ஏன் கோயம்புத்தூர்? கரும்பு அதிகம் விளைந்தது வட இந்தியாவில், சர்க்கரை இல்லாமல் தவித்ததும் அங்கேதான். ஆனால் அங்கே கரும்பு சரியாகப் பூக்காது. பூக்காத பயிரில் ஒட்டுச் சேர்க்க முடியாது. கோயம்புத்தூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. பகல் நேரம் இங்கே மெதுவாகக் குறைகிற விதமும், இரவில் கடும் குளிர் இல்லாததும் கரும்புக்குப் பிடித்துப்போய், ஐப்பசி வாக்கில் வெள்ளி நிறத்தில் பூ எடுக்கும். விலை பேசி வாங்க முடியாத ஒன்று, ஊர் இருக்கிற இடத்தாலேயே கிடைத்தது.

அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த வேலையை இங்கே பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம். வெள்ளை என்கிற தடித்த இனிப்புக் கரும்போடு கோயம்புத்தூர்ப் பக்கம் புதர் மாதிரி முளைத்துக் கிடந்த பேய்க்கரும்பைச் சேர்த்தார்கள். பேய்க்கரும்பில் சாறு கிடையாது, ஆனால் வறட்சியும் குளிரும் நோயும் அதை ஒன்றும் செய்யாது. பிறந்தது கோ 205 என்ற ரகம். 1918இல் பஞ்சாப் பக்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு வட இந்தியாவின் சர்க்கரை ஆலைகள் நம்பி நின்றது கோ வரிசையைத்தான். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் இங்கே இருந்து கரும்பையும் சோளத்தையும்கூட ஒட்டிப் பார்த்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தென்னாப்பிரிக்கா. நேட்டால் மாகாணத்தில் கரும்பு உண்டு, ஆனால் அங்கத்திய குளிரில் நல்ல விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்து எடுத்த விதை கடல் தாண்டிப் போயிற்று. அங்கே முளைக்க வைத்து, வருஷக்கணக்கில் பொறுக்கியெடுத்து, 1940களில் என்.கோ. 310 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். என் என்பது நேட்டால், கோ என்பது கோயம்புத்தூர். தைவான் வரைக்கும் போய்ப் பரவியது அது. விதை நம்முடையது, பொறுமை அவர்களுடையது. பெயரில் அந்தக் 'கோ' மட்டும் நமக்கு.

இப்போதும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து கரும்பு ஆராய்ச்சியாளர்கள் பூப்பூக்கும் பருவத்தில் கோயம்புத்தூர் வந்து, தேசியக் கலப்பினத் தோட்டத்தில் தங்களுக்கு வேண்டிய சேர்க்கைகளைச் செய்துகொண்டு விதையோடு ஊர் திரும்புகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சர்க்கரைப் பொருளாதாரத்தையே புரட்டிப் போட்ட கோ 0238, கர்னாலில் இருக்கிற இதே நிலையத்தின் கிளையில் பக்‌ஷி ராம் தேர்ந்தெடுத்து, 2009இல் வெளியானது. அங்கே கரும்புக் காடெல்லாம் ஒரே ரகமாக ஆகி, பிறகு செவ்வழுகல் நோய் வந்து வாட்டியது தனிக்கதை. அடுத்த ரகம் தயாராக இருக்கிறதா என்று மறுபடியும் எல்லோரும் இந்தத் தோட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ரகத்தோடு வேலை முடிந்துவிடாது. நோய் மாறும், மழை மாறும், ரகமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு வரப்பில் நின்று குறிப்பெடுத்த ஆட்கள் நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் செய்த வேலை இது. தொழிலதிபர் கதைகளில் இவர்கள் வருவதே இல்லை.

சரி, தொழிலுக்கு வருவோம். நான் பம்ப் தொழிலில் சர்வீஸ் பக்கம் வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும்தான், மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கிணற்றடியில் மோட்டார் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே மோட்டார் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட முக்கியமானது அப்புறம் நடந்தது. கிணறு ஆழமாகிக்கொண்டே போயிற்று. கரண்ட் கூடியும் குறைந்தும் வந்தது. தண்ணீரில் மண் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மாதிரி பம்பை மாற்றினார்கள். நம் ஊர் சப்மெர்சிபிள் மோட்டார் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் நிரப்பியது. காயில் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும், தண்ணீரிலேயே கிடக்கும். கருகிவிட்டால் பிரித்து மறுபடியும் கட்டலாம். வெளிநாட்டு மோட்டார்களில் பல வகை, வைண்டிங்கை உலோக உறைக்குள் அடைத்து மூடியவை. போனால் போனதுதான், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். பிரித்துக் கட்டலாம் என்கிற ஒரு முடிவால் ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடை முளைத்தது.

சோமனூர் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அப்படி ஒரு கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை, வாசலில் துருப்பிடித்த பைப்புகள், உள்ளே எரிந்த காயிலின் வாசம். ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது விவசாயி ஒருவர் மொபெட்டில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வோல்டேஜ் கொறஞ்சுதுங்க, அதுல போயிருச்சுங்க" என்றார்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் பிரித்து, ஸ்டேட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "வோல்டேஜ் கொறஞ்சிருந்தா மூணு பேஸும் ஒண்ணாட்டக் கருகியிருக்கோணுமுங்க. இங்க பாருங்க, ரெண்டுதான் கருகியிருக்குது. மூணாவது புதுசாட்ட இருக்குது. ஒரு பேஸ் இல்லாம ஓடியிருக்குதுங்க. பிரிவென்டர் இல்லீங்களா?"

"அது சும்மா சும்மா கட்டாகுதுங்க. எடுத்து வெச்சுட்டனுங்க."

"அது கட்டாகறதுக்குத்தானுங்க இருக்குது."

பிரிவென்டர் என்பது ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிற கருவி. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறந்த கோழியை அறுத்துப் பார்த்து வெயில் என்கிறார்களே, இவர் கருகிய செம்பைப் பார்த்து மின்வாரியக் கம்பத்தில் நடந்ததைச் சொல்கிறார். அப்புறம் ஒவ்வொரு துளை வழியாகவும் கம்பியைக் கையால் நுழைத்து, இழுத்து, அடுத்த துளையில் விட்டு, மறுபடி இழுத்து, ஒரு பகல் முழுக்க. உறை எங்கேயாவது உராய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே போய் எல்லாம் வீண்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை எச்.பி., எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று வருஷக்கணக்கில் எழுதியது. கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் அவருடைய அளவு. டிரான்ஸ்பார்மரிலிருந்து ரொம்பத் தூரத்தில் தோட்டம் வைத்திருக்கிறவருக்குக் கரண்ட் எப்போதும் சோர்ந்துதான் வரும். அவருக்குச் சுற்றைக் கொஞ்சம் குறைத்து, கம்பியின் தடிமனைக் கூட்டிக் கட்டுவார். குறைந்த வோல்டேஜிலும் மோட்டார் திணறாமல் கிளம்பும். எந்த ஊர் லைனுக்கு எவ்வளவு குறைத்தார், அது எத்தனை கோடை தாங்கியது என்பதும் ஓரத்தில் இருக்கிறது. ஓர் ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் செலவழித்துத் திரட்ட வேண்டிய தகவல், எண்ணெய்க் கறையோடு ஆணியில் தொங்குகிறது.

ரிக் வண்டிக்காரர்கள் கதையும் இதேதான். திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்கும் கப்பலில் போயிருக்கிறது. டி.என். 34 என்ற நம்பர் பிளேட்டை ராஜஸ்தான் டீக்கடைக்காரருக்கும் தெரியும். காற்றழுத்தத்தில் சுத்தியல் பாறையைக் குடைந்து இறங்கும்போது மேலே பறக்கிற தூளின் நிறத்தை வைத்தே, கீழே வெடிப்பு வரப்போகிறதா, வெறும் கருங்கல்தானா என்று டிரில்லர் சொல்லிவிடுவார். துளை சரியாமல் இறக்குகிற கேசிங் குழாயை எங்கே நிறுத்துவது, எவ்வளவு அடியில் விட்டுவிடுவது என்பதெல்லாம் அனுபவத்தில். இன்ன ஆழத்தில் இன்ன கல், ஒன்றரை இஞ்சு தண்ணி என்று அவர் செல்போனில் யாருக்கோ சொல்வதோடு அந்தத் தகவல் காற்றில் போய்விடும். நாடு முழுக்கப் போட்ட துளைகளைச் சேர்த்து எழுதியிருந்தால் இந்தியாவின் பாறைக்கு அதைவிட நல்ல வரைபடம் இருந்திருக்காது.

இதில் பெருமைப்பட முடியாத பக்கமும் இருக்கிறது. துளை போடுகிற அறிவில் நாம் கெட்டிக்காரர்கள், நிரப்புகிற அறிவில் இல்லை. ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புகை மட்டும் வந்த தோட்டங்கள் எங்கள் பல்லடம் பக்கம் வேண்டிய மட்டும் உண்டு. நொய்யலைப் பற்றித் தனியே சொல்லவே வேண்டாம். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயம் செத்த பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி திறந்தபோது ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைப் பிரித்துத் திரும்பச் சாயத் தொட்டிக்கே கொண்டுபோகிற முறையைப் பெரிய அளவில் ஓட்டிப் பழகியது அப்படித்தான். இன்றைக்கு அதை ஓட்டத் தெரிந்த ஆபரேட்டர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத எந்தச் சூடான தேசத்தில் துணித் தொழில் வந்தாலும் அவர்களைத் தேட வேண்டிவரும். நல்ல அறிவுதான். ஓர் ஆற்றைக் கொடுத்து வாங்கியது என்பதை மறைத்து விற்கக் கூடாது.

இந்த அறிவு ஒரு வெப்பமண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போய் வருகிறது என்பதற்கு மாவுப்பூச்சிக் கதையைச் சொல்வேன்.

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளியில் வெள்ளையாக அப்பிக்கொண்டு புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரிக்குப் போயிற்று, மரவள்ளிக்குப் போயிற்று, வேலியோரச் செம்பருத்திக்கும் போயிற்று. அடித்த மருந்தெல்லாம் அதன் மெழுகுப் பூச்சில் பட்டு வழிந்தது. பட்டுக்கூடு வளர்க்கிறவர் மல்பெரியில் மருந்தடிக்கவும் முடியாது, புழு செத்துவிடும். பலர் செடியை வெட்டித் தீ வைத்தார்கள்.

அந்தப் பூச்சியின் சொந்த ஊர்ப் பக்கம் அதற்கு ஓர் எதிரி உண்டு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளேயிருந்து தின்று வெளியே வரும். 2010இல் பெங்களூரு தேசிய ஆய்வகம் வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி, சின்னக் குப்பிகளில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. கூடவே ஒரே ஒரு கட்டளை: தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். விவசாயிக்கு மருந்தடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம். உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

பத்து வருஷம் கழித்து அதன் பங்காளி வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்தில் தெரிந்து, அப்புறம் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காட்டுக்குள் நுழைந்தது. ஜவ்வரிசி ஆலைகள் நிற்கிற பூமி, 1981இலேயே சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் கண்ட இடம். அடிமடியில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இந்தப் பூச்சி 1970களிலேயே ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்துக் காட்டிய பழைய குற்றவாளி. தென் அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்த ஒரு குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டு அதை அடக்கியிருந்தார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் இருக்கிற ஆராய்ச்சி மையத்திலிருந்து வாங்கி வந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஏத்தாப்பூர். இந்த வழியில் லண்டனும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்து மரவள்ளிக்காரருக்குத் தேவையான பதில் பெனின்காரர் கையில் இருந்தது. நம் கையில் இருக்கிற பதில்கள் யாருக்குத் தேவை என்று நாம் இதுவரை தேடிப் போனதில்லை. பொள்ளாச்சி தென்னந்தோப்பில் 2016 வாக்கில் தெரிந்த சுருள் வெள்ளை ஈக்கும் இதே பாடம்தான் சொன்னார்கள், மருந்தடிக்காதே, குளவி பார்த்துக்கொள்ளும் என்று. அதே பொள்ளாச்சியில் ஒரு காலத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவைக் கழுவி, உப்பிறக்கி, கட்டியாக அழுத்தி, குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்க அனுப்புகிறார்கள். கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்பது வேறு கேள்வி.

இப்போது காசு விஷயம். பம்ப் தயாரிப்பாளர்கள் சிலர் கூடுகிற இடத்தில் இதைப் பேசிப் பார்த்தேன். நான் கேட்டது பெரிய விஷயமில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மோட்டார் ஏற்றுமதி செய்கிறோம். அங்கே கருகினால் கட்டிக் கொடுக்க ஆள் இல்லை, ஓரமாகக் கிடக்கிறது. அந்த ஊர்ப் பையன்களை வரவழைத்து, சில மாதம் இங்கே தங்க வைத்து, காயில் கட்டவும், கருகியதைப் பார்த்துக் காரணம் சொல்லவும், கிணற்றுக்கு ஏற்ற பம்பைத் தேர்ந்தெடுக்கவும் பழக்கி, கட்டணம் வாங்கலாம். மத்திய அரசின் ஐடெக் திட்டம் 1964இலிருந்து வெளிநாட்டு அதிகாரிகளை அழைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதிகாரிக்குக் கொடுக்கிறதை மெக்கானிக்குக்குக் கொடுப்போம், அவ்வளவுதான்.

பெரியவர் ஒருவர் உடனே கேட்டார். "ஏனுங் தம்பி, எல்லாத்துக்கும் கட்டப் பழக்கி உட்டுட்டா, புது மோட்டாரை எவன் வாங்குவான்?"

நியாயமான பயம்தான். "நம்மூர்ல தெருவுக்குத் தெரு கட்டுறாங்களேங்க. அதனால யாராவது மோட்டார் வாங்காம நிறுத்திட்டாங்களா?" என்றேன். ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிற பொருளைத்தான் விவசாயி தைரியமாக வாங்குவார். சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர், சீனாக்காரன் வந்து படித்துவிட்டுப் போவான் என்றார். அவன் மோட்டாரை வாங்கிப் பிரித்தே படித்துவிட்டான் என்பதை அவருக்கு யார் சொல்வது? பிரித்தால் தெரியாதது சிவப்பு மை மட்டும்தான்.

தண்ணீர் விஷயத்திலும் இதைச் செய்யலாம். 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் பவானியின் உபரி நீரை 1045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. பாறைப் பூமியில் இத்தனை குளத்தை ஒரே நேரத்தில் நிரப்பினால் பக்கத்துக் கிணறுகளில் என்ன ஆகும், எவ்வளவு தூரம் ஏறும், எத்தனை மாதம் நிற்கும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டேப்பைக் கொடுத்தால் மாதாமாதம் அளந்துவிடலாம். பத்து வருஷ அளவு கையில் இருந்தால், இதே மாதிரிக் கல் பூமியும் இதே மாதிரி மழையும் உள்ள எந்த நாட்டு நீரியல் பொறியாளரும் அவிநாசிக்கு வந்தே ஆக வேண்டும். குளம் நிரம்பியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதோடு நாம் நிறுத்திக்கொண்டால் அந்தப் பத்து வருஷம் சும்மா போய்விடும். அரசு அளக்கட்டும் என்று காத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கிணறு நம்முடையது.

கூட்டம் முடிந்து, சோமனூர் அண்ணனிடம் போய் அந்த நோட்டைப் படியெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்குங்க தம்பி. ஆனா பாதி எழுத்து எனக்கே வெளங்காது. நான் பக்கத்துல உக்காந்து சொல்லோணும், நீங்க எழுதோணும். ரெண்டு மூணு நாளாவது கடையச் சாத்தோணும்" என்றார். கம்பியை இழுத்துக்கொண்டே, "அந்த நாளுக்குக் கூலி யாரு குடுப்பாங்க?" என்றும் கேட்டார்.

ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்றேன். ஒரு மோட்டார் கட்டுகிற கூலியைச் சொன்னார். தயாரிப்பாளர்களிடம் அந்தத் தொகையைச் சொல்லியிருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள்.